மெயின் ஸ்விட்சில் தொங்கிய பூட்டு

சாகும்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். அத்தனை காலத்தில் ஒரு நகக்கண்ணில்கூட அடிபட்டதில்லை. காரணம், ஒரு சிவப்புப் பூட்டு.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து அதில் பூட்டைப் போடுவார். சாவி கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். உள்ளே ஆள் இருக்கையில் எவரும் மறதியாகக்கூட மின்சாரத்தைப் போட்டுவிட முடியாது. வேலை முடிந்ததும் கூட்டாளி மேலிருந்து குரல் கொடுப்பார்: “வெளிய வந்தாச்சா?” “வந்தாச்சு” என்று பதில் வந்த பிறகுதான் பூட்டு திறக்கும். அதையும் போட்டவரேதான் திறக்க வேண்டும். முப்பது வருடமும் அந்தக் குரல் ஒரே ஆளுடையது. வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘பார்ட்னர்’.

வீட்டிலும் அதே கதைதான். ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறினால்கூட மெயினில் பூட்டு. குடும்பமே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

“ஒட்டடை அடிக்கறப்ப ஹெல்மெட்டும் போட்டுக்குங்க” என்பாள் மனைவி.

“கொஞ்ச நேரம் வேர்த்தா தேஞ்சு போயிட மாட்டீங்க. நான் முழுசா கீழ இறங்கணுமில்ல?”

ஒருநாள் பூட்டைத் திறக்க மறந்து வேலைக்குப் போய்விட்டார். பிரிட்ஜில் பால் திரிந்தது. விஷயம் தெரிந்ததும் மூன்று பஸ் மாறி வந்து திறந்துவிட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

கடைசியில் லிஃப்ட் அவரைத் தொடவேயில்லை. மாரடைப்பு. லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பார்ட்னர் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் பூட்டை யார் நினைத்தார்கள்? சட்டையோடு சாவிக் கயிற்றையும் மனைவியிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கழற்றவேயில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் பார்ட்னர் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்ணி, அந்த லிஃப்ட் இன்னும் ஓடல.”

“பூட்டை வெட்டிட வேண்டியதுதானே?”

“ஆபீஸ்லயும் அதான் சொல்றாங்க. கட்டரோட போய் நின்னேன். கை வரல. அது அவர் பூட்டு.”

“அப்ப இருக்கட்டும்.”

“அஞ்சாவது மாடில ஒரு அம்மா இருக்காங்க. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் பசங்க நாற்காலியோட படியில தூக்கிட்டு இறங்கறாங்க. நேத்து ஒருத்தனுக்குக் கை நழுவிடுச்சு.”

அவள் சாவியை முந்தானைக்குள் இறுகப் பிடித்தாள். “பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னுதானே கணக்கு?”

பார்ட்னர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அடுப்படியிலிருந்து மகள் சொன்னாள்: “அப்பாவா இருந்தா மூணு பஸ் மாறிப் போயிருப்பாரும்மா.”

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள்.

அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் வாடை. அவருடைய சாப்பாட்டுப் பை ஆணியிலேயே மாட்டியிருந்தது. பூட்டோடு கட்டிய அட்டையில் அவர் படம்; அடியில் ‘ஆள் உள்ளே’. பார்ட்னர் பழக்க தோஷத்தில் லிஃப்டைத் தாங்கும் வடக் கம்பிகள் இறங்கும் துவாரத்தருகே மண்டியிட்டுக் குரல் கொடுத்தார்.

“வெளிய வந்தாச்சா?”

கேட்ட பிறகுதான் கேட்டது அவருக்கே உறைத்தது. தலையை நிமிர்த்தாமல் அப்படியே இருந்தார். கீழே இருட்டு.

“வந்தாச்சு” என்றாள் அவள்.

சாவி முதலில் திரும்பவில்லை. அழுத்தித் திருப்பினாள்.

மறுநாள் ஐந்தாம் மாடி அம்மாவுக்கு ஆஸ்பத்திரி முறை. அவரை லிஃப்டில் இறக்கினார்கள்.