லூசி ஏரி எடுத்த வருஷம்

ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டைக் கோடி என்பார்கள். பதினைந்து வருஷமாக லூசியின் பிழைப்பு அந்தக் கோடிக்குக் கீழேதான் நடந்தது. கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்தால் போதும், வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன் செபாஸ்தியானின் மொபெட்டில் ஏறிவிடுவாள். மலையடிவாரத்திலிருந்து சின்னசேலம் வரைக்கும் எந்த ஏரி எத்தனை மழைக்கு வழியும் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஏரிக்குள் இருக்கிற மீன் குத்தகைக்காரருக்கு. கோடியைத் தாண்டி விழுந்துவிட்டால் பிடித்தவருக்கு. இது அந்தப் பக்கத்து வழக்கம். இதை வைத்துக்கொண்டு லூசி எத்தனை குத்தகைக்காரர்களோடு மல்லுக்கு நின்றிருப்பாள்! வாய்க்கு வாய் பேசுவாள், பேசிக்கொண்டே வலையை வீசுவாள், வலை விழுவதற்குள் பாதிச் சண்டையை ஜெயித்திருப்பாள்.

ஆனால் அது சும்மா வந்த சோறு இல்லை. உடைந்த பாட்டில் குத்தாத விரல் அவள் காலில் கிடையாது. கெளுத்தி முள் ஏறிய கை மூன்று நாள் வீங்கிக் கிடக்கும். கோடையில் ஏரி வறண்டு வெடித்துவிட்டால் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். இருந்தும் வலைக்குள் ஒரு பெரிய மீன் முட்டும்போது தோள்பட்டை வரைக்கும் ஒரு உதறல் ஏறும் பாருங்கள், அதற்காகவே அடுத்த மழைக்கும் போய் நிற்பாள்.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் கூத்தம்பட்டு ஏரியைக் குத்தகைக்கு எடுத்துவிட்டாள். ஆடியில் விரல் நீளக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாள். கட்லா, ரோகு. தினமும் தவிடும் புண்ணாக்கும் போட்டாள். பெரிய மீனாக்கி, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பிடிப்பதாகத் திட்டம். வெள்ளிக்கிழமைதோறும் கறி விலக்குகிற வீடுகள் மீனுக்கு அலையும் காலம் அது. இந்த மீன் கைவிட்டுப் போனால் குத்தகைப் பணம் கட்ட முடியாமல் ஏரியும் போகும், மறுபடியும் அடுத்தவர் கோடிக்குக் கீழே வலையோடு நிற்க வேண்டியதுதான்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை ஏரி நிரம்பிக் கோடி போகப்போகிறது என்று தெரிந்ததும் லூசி ஒரு காரியம் செய்தாள். கோடியின் குறுக்கே வலை கட்டினாள். எல்லாரும் கட்டுவதுதான். ஆனால் மற்றவர்கள் பெரிய கண் வலையாகக் கட்டுவார்கள், குப்பையும் பொடி மீனும் போகட்டும் என்று. இவள் கோடிக்குக் கீழே நின்று மீன் கொட்டுவதையே பார்த்துப் பழகியவள் அல்லவா? ஏரி மீனெல்லாம் கோடிக்குத்தான் ஓடிவரும் என்று சத்தியமாக நம்பினாள். பொடிக் கண் வலையை இரண்டாக மடித்துக் கட்டினாள்.

"இவ்ளோ பொடியா வோணாம் லூசி" என்றார் செபாஸ்தியான்.

"நீ சும்மா இருய்யா. ஒரு குஞ்சு கூட வெளிய போவக்கூடாது."

பத்து மணிக்கு ஆகாயத்தாமரை வந்தது. ஏரி முழுக்கக் கிடந்த கொடியும் இலையும் காற்றுக்குத் திரண்டு வந்து வலையில் அப்பிக்கொண்டன. கோடியில் தண்ணீர் வழிவது நின்றுபோனது. ஏரியோ ஏறிக்கொண்டே இருந்தது. கரையில் தாழ்வான ஓர் இடத்தைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. கரை போனால் கீழே நூறு ஏக்கர் நெல் போச்சு.

கந்தசாமி அரிவாளோடு ஓடிவந்தார். அவருக்கு ஏரிக்குக் கீழேயும் நிலம், மேலே ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாய்க்கால் ஓரமும் நிலம்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க? ஊர முழுகடிச்சிட்டு மீனு வளக்கப் போறியா? தள்ளு, அறுத்துடறேன்!"

"நடுவுல கை வெக்காதண்ணா! அறுந்த வலை ஆளயே சுத்தி இழுத்துக்கினு பூடும். நானே அவுக்கறேன்."

சொல்லிக்கொண்டே லூசி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கயிற்றின் மறுமுனையைச் செபாஸ்தியானும் கந்தசாமியும் பிடித்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் அந்தப் பக்கக் கல் வரைக்கும் போய், முடிச்சில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. வலை கதவு மாதிரித் திறந்துகொண்டது. தாமரையும் தண்ணீரும் மீனும் ஒன்றாகக் கோடியில் இறங்கின, லூசியும் கூடவே போயிருப்பாள். கயிறு சுண்டி நின்றது.

"வுடாத! இழு, இழு!" என்று கத்தியது கந்தசாமிதான்.

கரையேறியபோது கீழே திருவிழா. புடவை, கொசுவலை, அன்னக்கூடை என்று கையில் கிடைத்ததோடு ஊரே ஓடையில் இறங்கியிருந்தது. கோடியைத் தாண்டியது பிடித்தவருக்கு, வழக்கம் வழக்கம்தானே. இதைச் சொல்லியே எத்தனை பேரை லூசியின் வாய் அடக்கியது! ஈரப் புடவையோடு கல்லில் உட்கார்ந்து, தன் மீன் ஊரார் கூடையில் துள்ளுவதைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கந்தசாமியின் மருமகள் சந்தியா, கரைமேல் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"லூசிக்கா! மேல வாக்கா! நம்ம வாய்க்கா ஓரத்துல கறுப்பு கறுப்பா மீனு நிக்குதுக்கா. அவ்ளோ பெருசு!"

லூசி நம்பவில்லை. ஆனால் கால் நம்பிவிட்டது, ஓடினாள். ஏரியின் தலைமாட்டில், மலைத் தண்ணீர் செம்மண்ணாகப் பாய்ந்து வருகிற வாய்க்கால் வாயில், முழங்கால் தண்ணீரில் மீன்கள் நெருக்கியடித்து எதிரேறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாது. புதுத்தண்ணீர் வாசனைக்கு வளர்ந்த மீனெல்லாம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. கோடிக்குப் போனது பெரும்பாலும் பொடிசுகள். கோடிக்குக் கீழேயே நின்றவளுக்கு ஏரியின் இந்த முனையில் நடப்பது எப்படித் தெரியும்!

பின்னாலேயே வந்த செபாஸ்தியான் வீச்சு வலையை நீட்டினார். "வீசு லூசி! இன்னா பாத்துக்கினு நிக்கற? வுட்டா மேல் ஏரிக்குப் பூடும்!"

லூசி வலையை வாங்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கினாள். மீன்கள் காலில் இடித்தன, தொடையில் வழுக்கின. "எவ்ளோ வளந்துகினுதுங்க பாருய்யா" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. பிறகு வாய்க்காலை அடைத்து நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி ஓங்கி அறைந்தாள். சந்தியாவும் குதித்து அறைந்தாள். கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மீன்கள் மிரண்டு, முதுகு மின்ன, கூட்டம் கூட்டமாக ஏரிக்குள் திரும்பின.

"போங்க, வூட்டுக்குப் போங்க!" என்று லூசி கத்தினாள். "தவக்காலத்துல வந்து கூப்புடறேன்!"