மரகதம் அக்காவும் மூன்று நீதிபதிகளும்

செய்தி வந்தபோது கடை வாசலில் வேனிலிருந்து முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து மரகதம் அக்காவின் மகன் கார்த்தி அழைத்தான். "அங்கிள், அம்மா காலைல எழுந்திரிக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துட்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்காங்க. ஹார்ட் அட்டாக்ல போயிட்டாங்கன்னு சொல்றாங்க. நான் ஃப்ளைட் பிடிக்கிறேன். நீங்க கொஞ்சம் வீட்டுக்குப் போக முடியுமா?" என்றான். சரி என்றேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அதைச் சுமந்தபடியே வேனைச் சுற்றி வந்தேன். கடை முதலாளி வந்து வாங்கி வைத்தார்.

டெக்சஸ் மாநிலத்துப் பிளானோ நகரில் இருக்கும் நம்மவர்களுக்கு அக்காவை இரண்டு விதமாகத் தெரியும். சிலருக்கு, பொங்கல் விழா மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது பாதிப் பாட்டுல நின்னுரும்" என்று சொன்னவர். அது அப்படியே நின்றதும் உண்டு. மற்றவர்களுக்கு அவர் "அந்த ஆக்சிடென்ட் கேஸ் அம்மா". இரண்டாவதாக மட்டும் அறிந்தவர்களுக்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன். என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பும் பாதியில் விட்ட ஒரு டிப்ளமோவும்தான். நர்ஸான மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவன். சட்ட விஷயத்தில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை முதலில் பார்த்தது எங்கள் மளிகைக் கடையில். ஒவ்வொரு தேங்காயாகக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், எல்லாம் ஒரே பெட்டிலதான் வந்துச்சு" என்றேன்.

"ஏனுங்க தம்பி, பெட்டி ஒண்ணுன்னா தேங்காயும் ஒண்ணா இருக்குமா?"

போகும்போது வாசலில் நின்று, தானாகத் திறக்கும் கதவை நேராகவும் பக்கவாட்டிலும் நடந்து நடந்து பார்த்தார். "இந்தக் கதவு நேரா வாறவங்களைத்தான் பாக்குது. ஓரமா ஒரு கொழந்தை வந்தா பாக்காதுங்க. மொதலாளிகிட்டச் சொல்லி வைங்க" என்றார். பொள்ளாச்சிக்காரர். கணவர் காலமாகிப் பல வருடங்கள். ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை. "மத்தவங்க கட்டுவாங்க தம்பி. ஒடைச்சுப் பாக்கறதுக்கு எனக்குச் சம்பளம்" என்று சிரிப்பார். அன்றிலிருந்து நான் எது வாங்கினாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வாங்கினேன். என் மனைவி, "உங்களையும் ஒரு தடவை அக்காகிட்டக் காட்டியிருக்கணும்" என்பாள்.

அப்படிப்பட்டவரின் கண்ணுக்குத்தான் ஒருநாள் மாலையில் ஒரு மனிதர் படாமல் போனார். அலுவலகம் முடிந்து வரும் வழியில், சிக்னலில் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். மேற்கே போகும் சாலை. இறங்கும் சூரியன் கண்ணுக்கு நேரே. நடப்பவர்களுக்கான கோட்டின் மேல் ஒரு முதியவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அக்காவின் கார் அவர்மேல் மோதிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார்.

"சூரியன் நேரா அடிச்சுது. நான் பாக்கல. பாத்திருக்கணும்." போலீஸிடமும் என்னிடமும் கடைசிவரை அக்கா சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சில நாள் கழித்து எனக்கு போன் செய்தார். "தம்பி, வண்டி எடுத்துட்டு வாங்க. அந்த வீட்டுக்குப் போகோணும்."

"அக்கா, ஒரு வக்கீலைக் கேட்டுக்கிட்டு…"

"எழவு வீட்டுக்குப் போறதுக்கு வக்கீலைக் கேப்பாங்களா?"

எனக்கும் நியாயமாகப் பட்டது. நானும் அப்படி யாரையும் கேட்டுப் போனதில்லை. போனோம். இறந்தவரின் மனைவி கதவைத் திறந்தார். அக்கா இரண்டு கையையும் கூப்பினார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. வந்திருப்பது யாரென்று புரிந்துகொண்டு அந்த அம்மையார் உள்ளே கூப்பிட்டார். கையைப் பிடித்தபடி இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அக்கா எழுந்தார். நம் வழக்கப்படி 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், தலை குனிந்தபடி வெளியேறினார். நானும் பின்னாலேயே போனேன்.

அந்த வீட்டு அழைப்பு மணியில் கேமரா இருந்தது எங்களுக்குத் தெரியாது.

கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானார் என்று அக்கா மேல் வழக்குப் போட்டார்கள். விசாரணையில் அரசு வக்கீல் அந்த வீடியோவைப் பெரிய திரையில் திரும்பத் திரும்பப் போட்டார். கூப்பிய கை குற்றத்தை ஒப்புக்கொள்கிறதாம். ஒரு வார்த்தை சொல்லாமல் விறுவிறுவென்று போவது குற்றமுள்ள நெஞ்சாம். பின்னாலேயே ஓடும் ஆள் நான். என் தொப்பை இத்தனை துல்லியமாக வேறெங்கும் பதிவானதில்லை. நம் தரப்பில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். "எங்க ஊர்ல சாவு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம், சொன்னா மறுபடியும் அதே மாதிரி ஒரு காரியத்துக்கு வர்ற மாதிரி ஆயிடும்" என்று ஆரம்பித்தேன். அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நான் இந்த விஷயத்தில் நிபுணர் அல்ல என்று நீதிபதி நிறுத்திவிட்டார். நான் எதிலும் நிபுணர் இல்லை என்பது என் வீட்டில் எப்போதோ வந்த தீர்ப்பு. ஆனால் அன்றைக்குத்தான் அது வலித்தது.

ஜூரி குற்றவாளி என்றது. சிறைத் தண்டனை. அதற்குப் பிறகு ஊருக்கே திருப்பி அனுப்பிவிடவும் கூடும் என்றார்கள். மேல்முறையீடு முடியும்வரை ஜாமீன் கிடைத்தது. அக்கா அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் நான்தான் வேனில் கூட்டிப்போவேன். ஒருநாள் அரிசி மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்: "பாக்காததுக்கு ஜெயில்னா போறேன் தம்பி. துக்கம் கேக்கப் போனதுக்கு ஜெயில்னா போக மாட்டேன்."

மேல்முறையீடு என்றால் மறுபடி முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மகள் நிலாவிடம் ஒப்பித்துப் பார்த்தேன். "அப்பா, தே வோன்ட் ஆஸ்க் யூ எனிதிங்" என்றாள்.

"ஏன்? நான்தானே சாட்சி?"

"தே ஜஸ்ட் ரீட் வாட் ஹாப்பன்ட், அப்பா."

அவள் சொன்னதுதான் சரி. அந்த நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டே இல்லை. ஜூரியும் இல்லை. உயரத்தில் மூன்று நீதிபதிகள். வக்கீல் நின்று பேசும் மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். சிவப்பு எரிந்தால் பேச்சை முடிக்க வேண்டும். அக்கா என் பக்கம் சாய்ந்து, "இங்கயும் சிக்னல் வெச்சிருக்காங்க தம்பி" என்றார். முந்தின நாளெல்லாம் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். அந்த விளக்கைப் பார்த்ததும் கண்ணில் பழைய ஆர்வம் வந்துவிட்டது.

கார் எவ்வளவு வேகம், சூரியன் எங்கே இருந்தது என்று அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் நீதிமன்றம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்று மட்டும் குடைந்தார்கள். அக்காவுக்கு ஒரே வியப்பு. "இவங்க நம்ம டெஸ்டிங் டீம் தம்பி! நான் நல்லவளா கெட்டவளான்னு கேக்கல பாருங்க. ப்ராசஸ் சரியா இருந்துச்சான்னு கேக்கறாங்க."

நடுவில் இருந்த நீதிபதி அம்மா அரசு வக்கீலைக் கேட்டார்: "அவர் பேசாமல் போனதை ஜூரிக்குக் காட்டினீர்கள். ஏன் பேசவில்லை என்பதை மட்டும் ஜூரி கேட்கக் கூடாதா?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். நான் கை தட்டப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து, வேண்டுமானால் புதிதாக விசாரிக்கலாம் என்று. கடையிலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா கதவைத் திறந்து டப்பாவைப் பார்த்தார்.

"எதுக்குங்க தம்பி இனிப்பு? ஒரு மனுசன் போயிருக்காருல்ல."

டப்பாவை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். "சரி, உள்ள வாங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். காப்பி குடிக்கும்போது, "புதுசா விசாரிச்சா உங்களைப் பேச விடுவாங்க. இந்தத் தடவை மெதுவாச் சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றார். திரும்பும் வழியில் அந்த மைசூர்பாகில் பாதியை நானே தின்றேன். வருத்தத்தில்தான்.

புதிய விசாரணைக்குத் தேதி வரவில்லை. அதற்குள் அக்கா போய்விட்டார். வக்கீலிடம் கேட்டேன். ஆள் இல்லாதபோது வழக்கும் இல்லை, கோப்பை மூடிவிடுவார்கள் என்றார்.

"அப்போ அக்கா குற்றவாளி இல்லைன்னு ஆச்சுங்களா?"

"அப்படி யாரும் சொல்லவில்லை. குற்றவாளி என்று சொன்னதை நீக்கினார்கள். அவ்வளவுதான்."

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா அங்கே இருக்கிறார். எந்தச் சோதனையையும் பாதியில் விட்டு எழாதவர். இதற்கு முடிவு தெரியாமல் போனது அவரை உறுத்தியிருக்கும். துக்கம் கேட்கப் போனதற்காகச் சிறைக்குப் போக மாட்டேன் என்றார். போகவில்லை. அந்த மட்டில் அவர் சொன்னது நின்றது.

தகன மையத்துக்கு அக்காவைக் கொண்டுபோன கறுப்பு வண்டிக்குப் பின்னால் கார்த்தியின் கார், அதற்குப் பின்னால் என் வேன். எல்லோரும் விளக்கைப் போட்டிருந்தோம். டெக்சஸில் சவ ஊர்வலம் வந்தால் எதிரே வருகிறவர்கள் ஓரம்கட்டி நிற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. பள்ளிப் பேருந்து நின்றது. புல்வெட்டும் எந்திரங்களை ஏற்றி வந்த பிக்கப் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். உள்ளே போவது யார், என்ன வழக்கு என்று அவர்களில் எவருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த நிலா, "அப்பா, எவ்ரிபடி ஸ்டாப்ட்" என்றாள்.

ஆமாம் அக்கா, எல்லோரும் நின்றுவிட்டார்கள். வழி விட்டிருக்கிறார்கள். நிதானமாகப் போங்கள்.