ஷெரிஃபின் அழைப்பும் பன்னிரண்டு கட்லட்டும்

மனைவி இறந்த பிறகு எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு விளம்பரத் துண்டுகள்தான் வந்துகொண்டிருந்தன. என்னை வரச்சொல்லி முதலில் எழுதியவர் மாநிலத்தின் ஷெரிஃப். ஜூரர் கடமைக்காகத் திங்கட்கிழமை காலை பரமட்டா நீதிமன்றத்துக்கு வரவேண்டும்; வழக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள்வரை, நடக்கலாம் என்றிருந்தது.

மெல்பேர்னில் இருக்கும் மகள் தினமும் மாலை ஆறரைக்குத் தொலைபேசியில் எடுப்பாள்.

"அப்பா, உங்களுக்கு எழுபது தாண்டிட்டுது. ஏலாதெண்டு எழுதிப் போடுங்கோ, விட்டிடுவினம்."

"ஏலுமெண்டால் ஏன் ஏலாதெண்டு எழுதுவான்?"

"காது?"

"நீ கதைக்கிறது கேக்குதுதானே."

ஷெரிஃப் என்றால் நெஞ்சில் நட்சத்திரம் குத்திக் குதிரையில் வருபவர் என்பதே என் சினிமா அறிவு. நூலகத்துக்குப் போனேன். நோர்மன் மன்னர்கள் வருமுன்பே இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசரின் ஆளாக ஒருவர் இருந்திருக்கிறார். வரி அறவிட்டார், கள்ளரைப் பிடித்தார், பின்னர் ஜூரர்களையும் திரட்டினார். யாழ்ப்பாணத்தில் அழைப்பாணை கொண்டுவந்தது, நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்காலின் ஆட்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன பதவி. இங்கே 1824 முதல் ஷெரிஃப். வரியும் கள்ளரும் வேறு கைகளுக்குப் போய்விட்டாலும், ஆட்களைக் கூட்டும் வேலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. முன்பின் அறியாத பன்னிரண்டு பேர் ஓர் அறையில் இருந்து பேசி, சாப்பிட்டு, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று ஒரு முடிவுக்கு வரவேண்டும். அவர்களில் ஒருவனாக இருக்க விரும்பினேன். ஞாயிறு பின்னேரம் மரக்கறி கட்லட் பன்னிரண்டு பொரித்தேன்.

மறுநாள் நீதிமன்ற வாசலில் சீருடையணிந்த ஷெரிஃப் அதிகாரி கட்லட் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எல்லாம் உங்களுக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, ஜூரிக்கு."

சிரிக்காமல் திருப்பித் தந்தார்.

காத்திருப்பு அறையில் எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் செவன் ஹில்ஸிலிருந்து வந்த சென்னைக்காரர், கணினி வேலை.

"ஷெரிஃப்னதும் பயந்துட்டேன் அங்கிள். எங்க ஊர்ல ஷெரிஃப்னா விருந்தாளிக்கு மாலை போடுறவர். இங்க வரலைன்னா ஃபைன் போடுறார்."

"இவரும் கூப்பிட்டு இருத்தியிருக்கிறார்தானே."

"ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை அங்கிள். எனக்குப் பதிலா நீங்க போயிடுங்களேன்."

"சந்தோசமாப் போவன்."

கேலி என்று நினைத்துச் சிரித்தார். வழக்கறைக்குள் எங்களைக் கூட்டிப்போனதும் நீதிபதியிடமும் வேலையைக் காரணம் சொல்லிப் பார்த்தார். ஏற்கப்படவில்லை.

பிறகு ஜூரர்களைத் தெரிய, ஒரு சீட்டுப் பெட்டியிலிருந்து எண்களை எடுத்தார்கள். அங்கே எவருக்கும் பெயர் இல்லை, எண்தான். என் எண் ஏழாவதாக வந்தது. ஜூரர்களுக்கான ஏழாவது கதிரையில் போய் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை ஒதுக்கி இடம்விட்டுப் புன்னகைத்தார். மத்தியானம் முதல் கட்லட்டை இவருக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

சத்தியம் செய்யும் முறை என்னிடம் வந்தபோது குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் தலை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொல்லில் என்னை மறுத்தார். காரணம் சொல்லத் தேவையில்லை. அதுவும் பழைய உரிமைதான், வாசித்திருந்தேன். எழுந்து வந்தேன். ஏழாவது கதிரைக்கு அடுத்து அழைக்கப்பட்டவர் சென்னைக்காரர். என்னைக் கடந்து போகையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வந்ததற்கு நன்றி, நீங்கள் போகலாம்," என்றார் ஷெரிஃப் அதிகாரி.

மாலை ஆறரைக்கு மகள் எடுத்தாள்.

"என்னப்பா, உங்களை எடுத்தவையோ?"

"வழக்கைப் பற்றி வெளியில கதைக்கக் கூடாது, பிள்ளை."

விதி உண்மையானதுதான். அது ஜூரர்களுக்கான விதி.

"அப்ப எடுத்திட்டினம். நல்லது அப்பா. களைச்சுப்போய் வருவீங்கள், ரெண்டு கிழமைக்கு நான் எடுத்துக் கரைச்சல் தரமாட்டன். முடிஞ்ச உடனே நீங்களே எடுங்கோ, என்ன?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்," என்றேன்.

நாட்குறிப்பில் என் எண்ணையும் கதிரையில் இருந்த நேரத்தையும் குறித்தேன்: பதினொன்று நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பத்தாறு வரை. மறுநாள் மாலை ஆறரைக்கு ஒரு கட்லட்டைச் சூடாக்கினேன். பதினொன்று மிச்சம் இருந்தது.