லிண்டாவின் பெயரில் ஏழு மாதங்கள்

கண்டியை அடுத்த திகனவில் வாழும் மஸீனாவுக்கு முப்பத்தாறு வயது. கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் ஒன்பது வருடம் வேலை செய்தாள். வெப்சைட்டுகளுக்கு கோட் எழுதுவதுதான் அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேச வேண்டி வந்தால் வாய் திறக்கப் பயப்படுவாள். அந்த நேரங்களில் அவளுக்காகப் பேசியவள் பக்கத்துக் கதிரையில் இருந்த லிண்டா.

லிண்டா கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவக்காரி. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள், ஆங்கிலம் தடையில்லாமல் வரும். நோன்பு மாதத்தில் மஸீனாவின் கண்ணில் படாமல் கீழ்மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள். அப்படிப்பட்ட சிநேகிதம்.

போன வருடம் ஜனவரியில் கொம்பனி கண்டி அலுவலகத்தை மூடியது. இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. மஸீனா இணையத்தில் வேலை பிடித்துத் தரும் ஃப்ரீலான்ஸ் தளமொன்றில் தன் பெயரைப் பதிந்து, கண்ணில் பட்ட வேலைகளுக்கெல்லாம் விண்ணப்பித்தாள். அறுபதுக்கு மேல் அனுப்பியிருப்பாள். இரண்டே இரண்டு பதில்கள் வந்தன. இரண்டிலும் ஒரே கேள்வி: இந்தத் தளத்தில் இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? இல்லை என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

மார்ச்சில் லிண்டா திகனவுக்கே வந்தாள்.

"இங்க பாரு மஸீனா, நான் ரெண்டு மூணு வருஷமா அந்த சைட்ல சின்னச் சின்ன மொழிபெயர்ப்பு வேலை செஞ்சிருக்கேன். என் கணக்குக்கு நல்ல ரிவியூ இருக்கு. என் பேர்லயே வேலை எடுப்போம். நான் பேசுறேன், நீ கோட் எழுது. வாறத சரிபாதியா பிரிப்போம்."

"எண்ட பேர் எங்கயும் வராதா?"

"முதல்ல காலூன்றுவோம்டி. பிறகு உன் பேரையும் போட்டுக்கலாம்."

மஸீனாவின் கணவன் அரூஸ், திகன பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனும் நல்லதுதானே என்றான்.

மூன்று வாரத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு வேலை கிடைத்தது. பல் வைத்தியர்களிடம் நேரம் பதிவு செய்யும் வெப்சைட். மஸீனா ஏழு மாதம் அதிலேயே கிடந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி பொத்தான் வரை அவள் கை பட்டது. லிண்டா சொன்ன சொல் தவறவில்லை, பாதிக்குப் பாதி ஒழுங்காகக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டுகளை வட்ஸ்அப்பில் அனுப்பி, "இதெல்லாம் உனக்குத்தான்" என்று எழுதுவாள். மஸீனா அவற்றை அரூஸிடம் வாசித்துக் காட்டுவாள்.

ஒக்டோபரில் லிண்டா மஸீனாவுக்குப் போன் எடுத்தாள். குரல் கம்மியிருந்தது.

"முடிஞ்சிருச்சு மஸீனா. அவங்க ப்ரொஜெக்ட்ட நிப்பாட்டிட்டாங்க."

"நீ கவலப்படாத. இன்னொண்டு கிடைக்கும்" என்று மஸீனாதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

அடுத்த மாதம் லிண்டா மறுபடி அழைத்தாள். நின்றுபோன வெப்சைட்டை வைத்துக் கோட் எழுதப் பழகுகிறாளாம், சும்மா இருக்க முடியவில்லையாம். நாட்காட்டிப் பகுதி எப்படி வேலை செய்கிறது, வைத்தியர் லீவு போட்டால் எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று கேட்டாள். மஸீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். சிநேகிதி தொழில் பழகுகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம்.

இந்த வருடம் ஜனவரியில் கட்டுகஸ்தோட்டை வீதியில் உள்ள ஒரு கொம்பனி அவளை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. ஸிபான் என்ற முகாமையாளர், மரியாதையான ஆள், கடைசியாகச் செய்த வேலையைக் காட்டச் சொன்னார். மஸீனா பல் வைத்தியர் வெப்சைட்டைத் திறந்தாள். ஒக்டோபரில் விட்டபடியே கிடக்கும் என்று நினைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியர்களின் லீவைக் காட்டும் புதிய பகுதியொன்றும் சேர்ந்திருந்தது. அவள் போனில் சொல்லிக்கொடுத்த அதே முறையில்.

ஸிபான் தன் கணினியில் அந்த வெப்சைட்டின் பெயரைத் தேடினார்.

"இத நீங்க செஞ்சதா?"

"ஓம். முழுக்க நான்தான்."

"இல்ல தங்கச்சி, இங்க ஃப்ரீலான்ஸ் சைட்ல லிண்டா எண்டு ஒருத்தர்ட பேர் இரிக்கி. தனியாளா செஞ்சாங்க, ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் குடுத்திரிக்கிறோம் எண்டு அந்த அவுஸ்திரேலியா கொம்பனியே எழுதியிரிக்கி. ஒக்டோபர் மாசம்."

மஸீனா திரையைப் பார்த்தாள். ஒக்டோபர் என்ற திகதியை இரண்டு தரம் வாசித்தாள். நிமிர்ந்தபோது ஸிபானின் முகம் மாறியிருந்தது. அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிப் பிடிபட்டவளைப் பார்க்கும் பார்வை அது. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து மஹய்யாவ கூப்பிடு தூரம். நேரே லிண்டாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது லிண்டாவின் தாய் மேபல்.

"வா புள்ள, வா. லிண்டாவுக்கு ஒரு வருஷ வேலை கெடச்சிச்சே, சொன்னாளா? சர்ச்ல பூசை கூட வச்சோம்."

உள்ளேயிருந்து வந்த லிண்டா அப்படியே நின்றாள். தாயைத் தேத்தண்ணி போட அனுப்பினாள்.

"ஏன் லிண்டா? நிப்பாட்டிட்டாங்க எண்டு சொன்னாய்."

"அவங்க ஒரு ஆளத்தான் கேட்டாங்க. உன் பேரே அவங்களுக்குத் தெரியாது. திடீர்னு இன்னொருத்தி இருக்கான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிருக்கும்."

"என்கிட்ட சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

லிண்டாவின் குரல் உயர்ந்தது.

"ஒவ்வொரு நாளும் அவங்களோட பேசுனது நான். அவங்க நம்புனது என்னைய. கோட் என்ன, இப்ப ஏஐகிட்ட கேட்டாலும் எழுதித் தரும்."

"அப்ப லீவு பகுதிய ஏன் என்கிட்ட கேட்டாய்?"

மஸீனா தேத்தண்ணி வரும்வரை நிற்காமல் வெளியே வந்தாள்.

அவளது லேப்டொப்பில் ஏழு மாத கோட்டும் திகதியோடு இருந்தது. அதையெல்லாம் இணைத்து அந்த அவுஸ்திரேலியா கொம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது. இரண்டு வரி. எங்கள் ஒப்பந்தம் லிண்டாவோடு, உங்கள் பிரச்சினையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஸிபானுக்குப் போன் எடுத்தாள். பேசுவதற்கு எப்போதும் பயப்படுகிறவள், இந்த முறை தயங்கவில்லை.

"என்னை நம்பத் தேவையில்ல சேர். ஒங்கட ஒபீஸ்ல ஒரு கதிரை தாங்க, ஒரு வேலை தாங்க. ஒங்கட கண்ணுக்கு முன்னால செய்றேன்."

இரண்டு நாள் கொடுத்தார். ஒன்றரை நாளில் முடித்தாள். மூன்று மாத ஒப்பந்தம் கிடைத்தது. ஸிபான் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்த வெப்சைட்டைப் பற்றி மறுபடி பேசவுமில்லை.

அந்த மூன்று மாதமும் ஓடிவிட்டது. இப்போது அவள் மீண்டும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் அரூஸ் அவளது சுயவிவரக் கோவையை எட்டிப் பார்த்தான். போன வருடம் முழுவதும் வேலையின்றி வீட்டில் இருந்ததாக எழுதியிருந்தாள்.

"இது பொய்தானே?"

"உண்மைய சொல்லி நான் பட்டது போதும்" என்றாள் மஸீனா. மாற்றாமல் அப்படியே அனுப்பினாள்.