மூக்கைப் பிடித்துப் பார்த்தேன்

என்னைப் பெற்ற அத்தாவைத் தூக்கக் கலக்கத்தில் விரட்டிவிட்டேன் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். பொய். நன்றாக விழித்திருந்துதான் விரட்டினேன்.

இது உங்களுக்கு விளங்க வேண்டுமானால் ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனவு காணும்போதே இது கனவு என்று கண்டுகொள்ளும் வித்தை. துபாய் லேபர் கேம்ப்பில் என் மேல்கட்டிலில் படுத்திருந்த ஒரத்தநாட்டுச் செல்வம் கற்றுக்கொடுத்தார். ஏசி மெக்கானிக். பிரவுசிங் சென்டரில் எங்கேயோ படித்திருந்தார்.

"பகல்ல அடிக்கடி மூக்கப் புடிச்சுக்கிட்டு மூச்சு இழுத்துப் பாருங்க பாய். முழிச்சிருந்தா வராது. கனவுல எவ்வளவு இறுக்கிப் புடிச்சாலும் காத்து போய்க்கிட்டே இருக்கும். பழகிட்டீங்கன்னா கனவுலயும் கை தானா மூக்குக்குப் போயிரும்."

அடிக்கடி என்றால் எனக்கு மறந்துபோகும். அதனால் ஒளுவோடு சேர்த்துக்கொண்டேன். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு என்று கழுவுகிறோம் அல்லவா? மூக்குக்குத் தண்ணீர் விட்டதும் ஒரு பிடி, 'இது கனவா?' என்று ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை விடுமுறையில் விடியலுக்கு முன் சுபுஹு தொழுதுவிட்டு, 'கனவு வந்தால் கண்டுகொள்வேன்' என்று முணுமுணுத்தபடி மறுபடி படுப்பேன். அந்த இரண்டாம் தூக்கத்தில் வித்தை பலித்தது.

வாய்க்கால் வந்தது, நாற்றங்கால் வந்தது, என் மனைவி ஜரீனா வந்தாள். கனவு கலையப் பார்த்தால் உள்ளங்கைகளைத் தேய்ப்பேன், நிற்கும். சூப்பர்வைசர் வந்தால், "நீ கனவு, போ" என்பேன். வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். பகலெல்லாம் ஏச்சு வாங்குகிறவனுக்கு எவ்வளவு பெரிய அதிகாரம்!

அந்தத் திமிரோடுதான் விடுப்பில் ஊர் வந்தேன்.

அத்தா திருவாரூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கைலியில் பொட்டுக் கறை பட்டாலும் மாற்றிவிட்டுத்தான் தொழுவார். பக்கவாதம் வந்த பிறகு சிறுநீர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவரைக் கழுவிவிடும் வேலை, வந்திருக்கும் மகன் என்பதால் எனக்கு வந்தது.

அருவருத்தேன். ஆம், பெற்றவரின் உடம்பை அருவருத்தேன். கழுவி முடித்ததும் துபாய் சோப்பைப் போட்டு என் கையை நான் தேய்க்கிற தேய்ப்பை அவர் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அன்று ஜரீனா குத்தாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். முதலில் அந்த வாடை வந்தது. பிறகு குரல்.

"தம்பி... கைலி நனைஞ்சிருச்சுப்பா. இப்ப அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிருவாங்க. கொல்லைக்குக் கொண்டுபோய் விடேன்."

கை தானாக மூக்குக்குப் போனது. பிடித்துக்கொண்டு இழுத்தேன். மூச்சு வரவில்லை. நெஞ்சு முட்டியது. நிஜம் என்று தெரிந்துவிட்டது... தெரிந்தே கண்ணைத் திறக்காமல் சொன்னேன்:

"நீ கனவு. போ."

பிறகு, "சரிப்பா, நீ தூங்கு" என்றார்.

வாதத்தில் விழுந்துபோன காலை அவர் இழுத்து இழுத்துப் போகும் சத்தத்தைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று இருந்தது. வாளி உருளும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து ஓடினேன்.

கொல்லைக் குழாயடியில் விழுந்து கிடந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார்: "தூக்கத்துல என்னயக் கனவுன்னு நெனச்சுட்டான். பாவம், புள்ளைக்கு அங்க அவ்வளவு வேலை." சிரித்துக்கொண்டே சொன்னார். ஜரீனாவும், "ஆமா, இவங்க தூக்கத்துல இப்படித்தான் பேசுவாங்க" என்று சாட்சி சொன்னாள். அத்தாவுக்கு உண்மை தெரிந்திருக்குமோ? ஒரு மகனைக் காப்பாற்றத்தான் சிரித்தாரோ? கேட்கத் துணியவில்லை. விடுப்பு முடிந்தது, விமானம் ஏறிவிட்டேன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. மவுத்துச் செய்தி கேம்ப்புக்கு வந்தது. கடைசியாக அவரைக் குளிப்பாட்டியதும் வேறு யாருடைய கைகளோதான்.

இதோடு நின்றிருந்தால்கூட என்னை மனிதன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. கனவில் அத்தா வந்தார். மூக்கைப் பிடித்தேன், காற்று தாராளமாகப் போனது. கனவென்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்கத்தா" என்றேன். சொன்னார். சொல்லத்தானே செய்வார்? அங்கே என் இஷ்டம்தானே நடக்கும்? வாராவாரம் வரவழைத்துச் சொல்லவைத்தேன். எழுந்து டீ குடிக்கும்வரை மனசு லேசாக இருக்கும். ஒருநாள் அவர் பேசும்போது கவனித்தேன். அது என் குரல்.

சீ... உயிரோடு வந்தவரைக் கனவென்று துரத்தினேன். கனவில் வந்தவரை அத்தா என்று வைத்துக்கொண்டு மன்னிப்பு வாங்கினேன்.

வித்தையை விட்டுவிட்டேன். துபாயையும் விட்டுவிட்டு ஊரோடு வந்தாயிற்று. அவர் விழுந்த அதே கொல்லைக் குழாயில்தான் ஒளுச் செய்கிறேன். மூக்குக்குத் தண்ணீர் விட்டதும் விரல்கள் தாமாக இறுகிக்கொள்கின்றன. ஒவ்வொரு வேளையும் இழுத்துப் பார்க்கிறேன்.

மூச்சு வருவதில்லை.