மலையிறங்கி வந்த மாப்பிள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழை நேரம். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ். உண்மையில் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா என்று ஊரார் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். கடைக்கு எதிரே ஜீப்புகள் நிற்கும். விடிகிற நேரத்தில் பெண்கள் தூக்குவாளியோடு அதில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் ஜீப்புகள் காலியான பிறகு பார்த்தால், கடை வாசலில் தொப்பலாக நனைந்து ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. தொங்கு காது, கறுப்பும் வெள்ளையும் பழுப்பும் கலந்த உடம்பு, பீகிள் ஜாதி. கழுத்தில் பட்டை இல்லை. எனக்கு நாய் என்றாலே ஆகாது. கடைக்கு வந்திருந்த கணவரிடம் விரட்டச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். அவர் திராட்சைத் தோட்டத்துக்காரர். பழம் கொத்த வரும் குருவியையே மனசில்லாமல் விரட்டுகிற ஆள். நாயை வண்டியில் முன்னால் உட்கார வைத்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

வந்த நாய் கூடத்து நடுவில் அமர்ந்துகொண்டு அடுப்படியையே பார்த்தது. சோறு வரத் தாமதமானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கெட்டாரு போ" என்றார் கணவர். அன்றிலிருந்து அதன் பெயர் மாப்பிள்ளை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே வாரத்தில் நான் விழுந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு முட்டை வேகவைப்பதும் நான்தான், கடைக்குக் கூட்டிப் போய் மேஜைக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க வைப்பதும் நான்தான். கணவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

காலை நொண்டுகிறதே என்று தேனியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். முள்ளை எடுத்து மருந்து போட்ட பிறகு, டிவி ரிமோட் போல ஒரு கருவியை எடுத்து அதன் பிடரியில் நகர்த்தினார். கருவி பீப் என்றது. நீளமாக ஓர் எண் வந்தது. தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப இது எங்கன இருக்குன்னு ஓனரு போன்ல தெரியும்ல சார்?" என்று கணவர் கேட்டார்.

"அது சிக்னல் எல்லாம் அனுப்பாதுங்க. அதுல இருக்கிறது வெறும் நம்பர். அந்த நம்பருக்கு நேரா பேரும் போனும் பதிஞ்சு வச்சிருந்தாத்தான் நாம கூப்பிட முடியும். இதுக்கு யாரும் பதியலை." அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், யாருமே வரவில்லை என்றால் நீங்களே பதிந்து வளர்க்கலாம் என்றார் மருத்துவர்.

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் என்று கிடைத்த வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் படத்தைப் போட்டோம். யாரும் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம், சிப் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்தேன். எண்ணை அடித்தேன். அடுத்து உரிமையாளர் பெயர். ஊருக்கே பெயர் ஏற்றிக் கொடுக்கிற எனக்கு இது ஒரு வேலையே இல்லை.

அப்போது ஜீப்புகள் வந்தன. மேஜைக்கு அடியில் இருந்த மாப்பிள்ளை எழுந்து போனான். ஒவ்வொரு ஜீப்பாக நின்று, இறங்குகிற பெண்களின் காலை மோந்து பார்த்தான். எல்லோரும் போன பிறகு திரும்பி வந்து படுத்துக்கொண்டான். தினமும் செய்வதுதான், விளையாட்டு என்று நினைத்திருந்தேன். கீபோர்டில் கை வைத்தபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அவன் யாரையோ தேடுகிறான். காசு கொடுத்துச் சிப் வைத்த அந்த யாரோ, அவனையும் தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தை மூடிவிட்டேன். அழுகை வந்தது.

மறுநாள் விடிகாலையில் அவனை ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மூன்று ஜீப்புகளைக் கடந்து போனவன், ஒன்றில் மட்டும் தாவி ஏறி சீட்டுக்கு அடியில் படுத்துவிட்டான்.

"சம்பளம் கேக்காத ஆளு கெடச்சா கங்காணி விடவா போறாக" என்று ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "நான் ஏத்தலக்கா. ஆனா அன்னைக்கு இருந்த மழையில, சாக்குக்கு அடியில என்ன கெடக்குன்னு யாரு பாத்தா? நீங்களும் ஏறுங்க. எங்கன எறங்குறான்னு பாப்போம்."

ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி. செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், ஒரு டீக்கடைத் திருப்பத்தில் மாப்பிள்ளை சீட்டுக்கு அடியிலிருந்து நெளிந்து வந்து முனக ஆரம்பித்தான். டிரைவர் நிறுத்தினார். குதித்தவன், ஏலச்செடிகளுக்கு நடுவே சரிவில் இருந்த ஓட்டு வீட்டை நோக்கி ஓடினான். நானும் பின்னால் இறங்கினேன்.

என் வயதுப் பெண் ஒருவர் ஈரக் கையோடு வெளியே வந்தார். "குட்டா" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். பிறகு முற்றத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நாய்க்கு அப்படி அழ வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் பள்ளி ஆசிரியை. கணவர் துபாயில். குட்டியாகக் கோட்டயத்தில் வாங்கியபோதே சிப் வைத்துவிட்டார்களாம். எண் அச்சிட்ட அட்டை பீரோவில் பத்திரமாக இருந்தது.

"சிப்பு வச்சதல்லே சேச்சி, அது போதும், எவிடப் போனாலும் கண்டுபிடிச்சுத் தரும்னு நெனச்சு." பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சுற்றுவட்டார மலையாளக் குழுக்கள் அத்தனையிலும் படம் போட்டிருக்கிறார். நாங்கள் தமிழில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மலைதான் நடுவில். மலைக்கு அந்தப் பக்கம் கேட்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சிக்னல் கிடைத்த பலாமரத்தடியில் நின்று, என் போனிலேயே பதிவை ஆரம்பித்தேன். உரிமையாளர் பெயர், அவருடைய எண் எல்லாம் ஏற்றினேன். கீழே மாற்றுத் தொடர்பு என்று ஒரு கட்டம் இருந்தது. கணவர் எண்ணைச் சொல்லுங்கள் என்றேன்.

"அவரு துபாயில இருந்து எந்து செய்யும்? சேச்சி நம்பர் போடு" என்றார்.

முந்தின நாள் மேலே இருந்த கட்டத்தில் எழுதாமல் விட்ட என் பெயரை, இந்தக் கட்டத்தில் எழுதினேன்.

சாயங்காலம் அதே ஜீப்பில் ஒரு பொட்டலம் ஏலக்காயோடு இறங்கினேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மறுவீட்டுக்கு எப்ப வருவாராம்?" என்று மட்டும் கேட்டார். வருகிறான். பள்ளி விடுமுறை விட்டால் டீச்சரும் அவனும் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான்.

இப்போது போன் நம்பர் மாற்றக் கடைக்கு வருகிறவர்களிடம், வீட்டில் நாய் பூனை உண்டா, சிப் இருந்தால் அதிலும் நம்பரை மாற்றினீர்களா என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். முன்பெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டேன். இப்போது கை வேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். எங்கள் மாப்பிள்ளை எந்த ஊரில் வழி தெரியாமல் நின்றாலும், யாரோ ஒருவர் கூப்பிட என் பெயரும் அங்கே இருக்கிறது.