சித்தியின் இரண்டாவது ஆல்பம்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. நன்னிலத்தில் ஒரு நெல் அரவை மில்லில் காலமெல்லாம் மிஷின் ஓட்டிய தாத்தாவுக்குக் காது அறவே மந்தமாகிவிட்டிருந்தது. சாப்பிட வாங்க என்பதிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாவற்றையும் அவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்ததால் நானும் அம்மாவும் தாத்தா வீட்டிலேயே இருந்தோம். கூடவே அம்மாவின் தங்கை, என் சித்தி; தாத்தாவுக்கு எப்போதும் பாப்பா. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். கொஞ்ச நாளில் பழகிப்போய், இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதை எங்களைக் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். காது மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது விசிலடிக்கிறது என்று தாத்தா கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்தப் பழக்கத்தால்தான் சித்தியின் கல்யாணம் நின்றது. குத்தாலத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மற்ற வீடுகளில் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் காதோடு காதாகச் சம்மதம் கேட்பார்கள். தாத்தாவும் முறைப்படி சித்தியை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ரகசியமாகத்தான் கேட்டார். அவருடைய ரகசியம் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. சித்தி பேசாமல் தலையை ஆட்டியிருக்கலாம். பழக்க தோஷம், அவர் காதருகே போய், "புடிக்கலப்பா, நான் மெட்ராசுக்கு வேலைக்குப் போவணும்" என்று கத்திவிட்டாள். கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்த வருஷமே சித்தி சென்னைக்குப் போனாள். போன இடத்தில் வேலை நேரம் போக ஒரு ராக் இசைக்குழுவில் சேர்ந்தாள். கிடார் வாசிக்க இரண்டு பேர், டிரம்ஸ் அடிக்க ஒருவர், கத்துவதற்குச் சித்தி. இதற்கென்று அவளுக்குத் தனியாகப் பயிற்சி ஒன்றும் தேவைப்பட்டிருக்காது என்று அம்மா சொல்வாள்.

போனில் பேசினால் தாத்தாவுக்கு ஒன்றும் விளங்காது. சித்தி ஹாஸ்டல் மாடியில் நின்றுகொண்டு, இருக்கேன், நல்லா இருக்கேன் என்று தொண்டை கிழியக் கத்துவாள். அதற்காக அங்கே வசவும் வாங்குவாள். தாத்தா போனை இந்தக் காதில் வைத்துப் பார்ப்பார், அந்தக் காதில் வைத்துப் பார்ப்பார், பிறகு லைனில் ஆளே இல்லை என்று அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

குழுவின் முதல் ஆல்பத்தைச் சித்தி ஒரு சிடியில் கொண்டுவந்தாள். டிவிக்குப் பக்கத்திலிருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டோம். எடுத்த எடுப்பில் டிரம்ஸ் இடித்தது, இரண்டு கிடாரும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உறுமின, ஷோகேஸில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. அதற்கு மேலே சித்தியின் குரல். 'இருக்கேன், இங்கதான் இருக்கேன்' என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு பாட்டு. அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று அம்மா ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். தாத்தா எழுந்து வந்து பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கொறைக்காத. பாப்பா பேசுறது இப்பதான் கேக்குது" என்றார்.

அது பேச்சில்லை, பாட்டு என்று அம்மா அவர் காதில் கத்தினாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சாயங்காலங்களே மாறிப்போயின. நான் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போதே தாத்தா வாசலில் நின்றுகொண்டிருப்பார். பையை வீசிவிட்டுச் சிடியைப் போடுவேன். அவர் பாக்ஸில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொள்வார். டிரம்ஸ் வரும்போது மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி இருக்கிறதென்று சிரிப்பார். நான் தலைமுடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குதித்துக் குதித்துச் சித்தியோடு சேர்ந்து கத்துவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறம் இருந்ததாக ஞாபகமில்லை. ஒரு பத்திரிகையில் சித்தியின் குரல் சமூகத்தின் மீதான கோபத்தின் குரல் என்று எழுதியிருந்தார்கள். அதை வேனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சமூகம் என்றால் யார் என்று தெரியாவிட்டாலும் நானும் அதன்மேல் கோபமாகவே இருந்தேன்.

ஓர் ஐப்பசி மழையில், ஊரெல்லாம் தாளடி நடவில் இருந்தபோது, தாத்தா போய்விட்டார். சித்தி வந்தாள். வாய்விட்டு அழாமல் அவர் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊரையே கூட்டுகிற தொண்டை இன்றைக்கு எங்கே போயிற்று என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் போன பிறகு வீட்டில் சத்தம் தானாகவே குறைந்தது. அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து உரக்கத் தொடங்குவாள், பாதியில் நிறுத்திவிட்டு மீதியைச் சாதாரணமாகச் சொல்லி முடிப்பாள். சிடியைப் போடட்டுமா என்று கேட்டால், இப்ப வேண்டாம் என்பாள். வேனிலிருந்து இறங்குவதே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

தலைத் திவசத்துக்குச் சித்தி வந்தபோது புது ஆல்பமும் வந்திருந்தது. அது வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் வேனில் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடையும் என்று சொல்லி வைத்திருந்தேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் சித்தியின் போனைப் பிடுங்கிப் பாக்ஸில் இணைத்தேன்.

ஒரு கிடார் மட்டும் ஒரே ஒரு சுரத்தை மீட்டியது. அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை மீட்டியது. டிரம்ஸ் ரொம்ப நேரம் வரவேயில்லை. வந்தபோது யாரோ பக்கத்து அறையில் தலையணையைத் தட்டுவது போல வந்தது. சித்தி பாடினாள். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பது போல அவ்வளவு தாழ்ந்த குரலில் பாடினாள். இது ஆரம்பம்தான், போகப்போகக் கத்துவாள் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அடுத்த பாட்டில் கிடார்கள் கொஞ்சம் உறுமின. எழுந்து நின்று முடியைப் பிரித்துவிட்டேன். அவை உறுமி ஓய்ந்தன, சித்தி பழையபடியே பாடிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்தேன். அவள் மூச்சு வாங்குவது பெரிதாகக் கேட்டதே தவிரக் கத்தல் வரவில்லை. ஒவ்வொரு பாட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எதிலும் இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாத்தா பாக்ஸில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நான் குதிக்க வேண்டும், வீடு அதிர வேண்டும். அந்தச் சாயங்காலம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், ஒரே ஒரு கத்தல் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் ஒரு பாட்டில்கூடக் கத்தவில்லை என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். குழுவில் இருந்தவர்களும் முதலில் அதைத்தான் கேட்டார்களாம். அவள் என் தலைமுடியை அள்ளிப் பின்னத் தொடங்கினாள்.

"கத்தித்தான் பாத்தேன்டி. வரல" என்றாள். பின்னலை முடித்த பிறகு, "யாருக்குக் கேக்கணும்னு கத்துறது?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் பாட்டைக் கேட்கிற கூட்டம் குறைந்துபோயிருக்கிறது. பாவம், அதை வெளியே சொல்லச் சித்தி கூச்சப்படுகிறாள்.

"நாங்கள்லாம் இருக்கோம் சித்தி. எங்க வேன்லயே அத்தன பேர் இருக்காங்க" என்றேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, சரிடி, சரிடி என்றாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள், மனசு தேறிவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை வேனில் ஏறியதும் முதல் வேலையாக, நீங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்காததால்தான் எங்கள் சித்தி கத்துவதை விட்டுவிட்டாள் என்று எல்லோரையும் பிடித்துத் திட்டினேன்.